கணக்கில் வராத மூன்று பேர்

ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ரேஷன் கார்டைப் பார்க்காதீர்கள். சமையலறைக்குப் போய் அரிசி எத்தனை உழக்கு அளக்கிறார்கள் என்று பாருங்கள். கார்டில் பெயரே இல்லாத ஒன்றுவிட்ட சித்தப்பா, வேலை தேடி வந்து மூன்று மாதமாகத் தங்கிவிட்ட மச்சினன், பிரசவத்துக்கு வந்த நாத்தனார் எல்லாரும் அந்த உழக்கில் இருப்பார்கள்.

நாவல் எழுதுகிறவர்களில் இந்த உழக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள், காதலிப்பார்கள், தத்துவம் சொல்வார்கள். உலை வைத்தது யார், அரிசி எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்காது. இதற்கு நேர்மாறான ஒரு புத்தகம் உண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய 'தி லாங் வின்டர்'. 1940ல் அமெரிக்காவில் வந்தது. அடுத்த ஆண்டு நியூபெரி ஹானர் கிடைத்தது. குழந்தைகள் புத்தகம் என்று முத்திரை குத்தி நூலகத்தில் கீழ்த்தட்டில் அடுக்கியிருப்பார்கள். என்னைக் கேட்டால் இது குழந்தைகள் புத்தகமும் அல்ல, சாகசக் கதையும் அல்ல. மாவு, உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய், நிலக்கரி ஒவ்வொன்றும் எப்போது குறைந்தது, எப்போது தீர்ந்தது என்று ஒரு கண்டிப்பான மாமியார் மாதிரி கணக்கு வைத்துக்கொண்டே போகிற நாவல்.

அந்தக் கணக்கில் ஓர் இடம் உதைக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் புத்தகம்.

இடம், டகோட்டா பிரதேசம். இன்றைக்கு அந்த இடம் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது. ஊர் டி ஸ்மெட். ரயில் பாதை போட்டார்கள், அதையொட்டி 1880ல் முளைத்த புத்தம்புது ஊர். ஒரே ஒரு பெரிய தெரு. மளிகைக் கடை, இரும்புச் சாமான் கடை, மருந்துக் கடை, தீவனக் கடை, ஒரு ஹோட்டல், ஒரு ஸ்டேஷன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அப்பா சார்லஸ், அம்மா கரோலின், நான்கு பெண்கள். மூத்தவள் மேரிக்கு முந்தின வருஷம் வந்த கடும் நோயில் கண் போய்விட்டது. இரண்டாவது லாரா, 13 வயது. அப்புறம் கேரி, கடைக்குட்டி கிரேஸ். லாரா எழுதுவது தன் சொந்தக் கதைதான். ஆனால் 'நான்' என்று எழுதாமல் 'லாரா' என்றே எழுதுகிறார். முதல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு 65 வயது. இது வந்தபோது 73. அறுபது வருஷத்துக்கு முந்தைய குளிரை அந்த வயதில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

1880-81 குளிர்காலம் அந்தப் பக்கத்தில் இன்றும் பேசப்படுகிற ஒன்று. அக்டோபரிலேயே பனிப்புயல். அதன்பிறகு புயல் மேல் புயல். ஜனவரியோடு ரயில் நின்றது. மறுபடி வர மே மாதம் ஆயிற்று. வயதானவர் ஞாபகத்தில் பெருக்கிச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பழைய வானிலைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2020ல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. குளிர் பற்றி லாரா சொல்வதில் பெரும்பாலும் பழுதில்லை என்று ஆகிவிட்டது.

இந்த நாவலைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் அதன் கடைசிப் பகுதியைத்தான் புகழ்கிறார்கள். ஊரே பட்டினி, எங்கோ தூரத்தில் ஒரு விவசாயியிடம் கோதுமை இருப்பதாக வதந்தி, இரண்டு இளைஞர்கள் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் உயிரைப் பணயம் வைத்துப் போய்க் கொண்டுவருகிறார்கள். நல்ல விறுவிறுப்புத்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அது சினிமா. அந்த இருவரில் ஒருவர் அல்மான்ஸோ வைல்டர். பிற்பாடு 1885ல் லாராவைக் கல்யாணம் செய்துகொண்டவர். நாவலில் அவருக்கு வயது 19. நிஜத்தில் அப்போது 23. லாராவுக்கும் அவருக்கும் இருந்த பத்து வயது வித்தியாசம் புத்தகத்தில் ஆறாகச் சுருங்கியிருக்கிறது. சொந்தப் புருஷனைக் கதாநாயகனாக்கும்போது நாலு வயது குறைப்பதெல்லாம் மனைவிகளின் உரிமை. அதில் நான் தலையிடமாட்டேன்.

எனக்குப் பிடித்தது முதல் பாதி. அதாவது முன்பனி. குளிர் வந்துவிட்டது, ஆனால் அது எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியாத அந்த இரண்டு மூன்று மாதம். புத்தகத்தின் அட்டையிலேயே 'நீண்ட' என்று போட்டிருப்பதால் நமக்குத் தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதை நல்ல வெயிலில் ஆரம்பிக்கிறது. அப்பா புல் அறுக்கிறார், லாரா வண்டியில் ஏறி மிதித்துக் கொடுக்கிறாள். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. வயலில் இறங்குவதெல்லாம் வெளிதேசத்திலிருந்து வந்த பெண்கள் செய்கிற காரியம் என்று அவள் எண்ணம். ஆனால் கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை, பிள்ளையும் ஆண்பிள்ளை இல்லை. எனவே சம்மதிக்கிறாள். ஒரு வரியில் முடிந்துபோகிற இந்தச் சம்மதத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மொத்தக் கௌரவப் பிரச்சினையும் இருக்கிறது. அந்த வேலைக்கு நடுவில் அப்பா ஒரு நீரெலி கட்டிய வீட்டைக் காட்டுகிறார். சுவர் இத்தனை தடிமனாக அவர் பார்த்ததே இல்லை. எலிக்கு எப்படித் தெரிந்தது, நமக்கு ஏன் தெரியவில்லை என்று லாரா கேட்கிறாள். அப்பா சுதந்திரம், கடவுள் என்று ஏதோ பதில் சொல்கிறார். திருப்தியான பதில் என்று எனக்குப் படவில்லை. லாராவுக்கும் படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து உறைபனி முந்திக்கொண்டு வருகிறது. தோட்டத்தில் காய்கள் முற்றவில்லை. புது மண், முதல் வருஷ விளைச்சல், கிடைத்ததே கொஞ்சம். அம்மா ஒன்றையும் வீணாக்குவதில்லை. பச்சைத் தக்காளியை ஊறுகாய் போடுகிறாள். முற்றாத பரங்கிக்காயைச் சீவி, சர்க்கரையும் மசாலாவும் போட்டு, ஆப்பிள் வைத்துச் செய்கிற பை பலகாரம் மாதிரியே செய்து சாப்பாட்டு மேஜையில் வைக்கிறாள். அப்பா சாப்பிட்டுவிட்டு, ஆப்பிள் ஏது என்று அசந்துபோகிறார். இது சின்ன விஷயம். ஆனால் பின்னால் வெறும் ரொட்டியை மட்டும் தின்று நாள் கழிக்கும்போது, வாசகனுக்கு இந்தப் பரங்கிக்காய்தான் ஞாபகம் வரும். நாவலாசிரியர் அதை ஞாபகப்படுத்துவதே இல்லை. அதுதான் சாமர்த்தியம்.

அக்டோபர் புயல் அடிக்கிறபோது அவர்கள் ஊருக்கு வெளியே தங்கள் நிலத்தில் இருக்கிறார்கள். மெல்லிய பலகை, மேலே தார்க் காகிதம், அவ்வளவுதான் வீடு. புயல் ஓய்ந்ததும் அப்பா வெளியே போய்ப் பார்க்கிறார். யாருடையவோ மாடுகள் தலை தரையோடு ஒட்டி நிற்கின்றன. அவை விட்ட மூச்சே பனிக்கட்டியாகி மூக்கையும் கண்ணையும் அடைத்துவிட்டது. அப்பா ஒவ்வொன்றாகப் போய் அந்தக் கட்டியை உடைத்து விடுகிறார். இப்படி ஒரு காட்சியை யாராலும் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்ய முடியாது. பார்த்தவர்தான் எழுத முடியும். வைக்கோல் போரில் வழி தவறிய ஒரு சின்னக் கடல்பறவையும் கிடைக்கிறது. அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அதற்கப்புறம் ஊருக்குள் குடிவருகிறார்கள். பெரிய தெருவில் அப்பா வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய கடைக் கட்டடம். சுவர் கெட்டி. லாராவுக்கு ஊர் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மனிதர்கள். ஆனாலும் பக்கத்தில் கடை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது. எது வேண்டுமானாலும் ரயிலில் வந்துவிடும் என்று அம்மா நிம்மதியாகிறாள். இந்த நிம்மதியை எழுதியிருக்கும் விதம்தான் நாவலின் உச்சம் என்பேன். கடையில் இறைச்சி இல்லையா, அடுத்த ரயிலில் வரும். மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் இருக்கிறதா, வரும். ரயில் வருகிறது, பிறகு தாமதமாகிறது, பிறகு ஆண்களெல்லாம் மண்வெட்டியோடு போய்த் தண்டவாளத்துப் பனியை வெட்டுகிறார்கள். ஒரு ரயில் வருகிறது. மறுபடி புயல். ஒவ்வொரு தடவையும் ஒரு பொருள் குறைகிறது. ஒரே நாளில் எதுவும் நடந்துவிடுவதில்லை. வெண்ணெய் நின்றதைக் கவனிக்கிறீர்கள், சர்க்கரை நின்றதைக் கவனிப்பதற்குள் விளக்கு சீக்கிரம் அணைகிறது.

மண்ணெண்ணெய் தீர்ந்ததும் அம்மா ஒரு பொத்தானைத் துணியில் கட்டி, திரி மாதிரி நிறுத்தி, தட்டில் வண்டி அச்சுக்குப் போடுகிற கிரீஸை ஊற்றி விளக்கு ஏற்றுகிறாள். நிலக்கரி தீர்ந்ததும் புல்லை முறுக்கி விறகு மாதிரி கட்டைகள் செய்கிறார்கள். அது மளமளவென்று எரிந்துவிடும். ஆக, ஒருத்தர் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு தீர்ந்ததும் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கிற கைமிஷினில் போட்டு அரைக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான் கொள்ளும். நாள் முழுக்கச் சுற்றினால் ஒரு ரொட்டிக்கு மாவு. கண் தெரியாத மேரி அதைச் செய்கிறாள். லாராவும் அப்பாவும் புல் முறுக்குகிறார்கள். கை வெடித்து ரத்தம் வருகிறது. அப்பாவின் விரல்கள் தடித்துப்போய், அவர் உயிராக நினைக்கிற வயலின் வாசிக்க வரவில்லை.

ஆறு பேர். ஒரு ரொட்டி. உருளைக்கிழங்கு தலைக்கு இவ்வளவு. அப்பா வெளியில் உழைக்கிறவர், அவருக்குக் கொஞ்சம் கூட. கிரேஸ் சின்னவள், மாடு பால் கொடுக்கிறவரை அவளுக்குப் பால். இந்தக் கணக்கைப் படித்துத்தான் பல தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் வளர்ந்தார்கள். ஒரு குடும்பம், தனியாக, யார் தயவும் இல்லாமல் ஏழு மாதத்தைத் தாண்டியது.

இப்போது அந்த உதைக்கிற இடத்துக்கு வருவோம்.

இந்த நாவல்களை எழுதுவதற்கு முன், 1930ல், லாரா தன் வாழ்க்கையை நேரடியாக 'நான்' என்று எழுதி வைத்தார். 'பயனியர் கேர்ள்' என்று பெயர். பத்திரிகைகள் வேண்டாம் என்றுவிட்டன. அது அப்படியே கிடந்து, 2014ல்தான் பமீலா ஸ்மித் ஹில் எழுதிய விரிவான குறிப்புகளோடு தெற்கு டகோட்டா வரலாற்றுச் சங்கப் பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. அதில் அதே குளிர்காலம் வருகிறது. அதே வீடு, அதே புல், அதே கைமிஷின். ஆனால் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர் அல்ல. ஒன்பது பேர்.

ஜார்ஜ் மாஸ்டர்ஸ், அவர் மனைவி மேகி, அவர்களுடைய கைக்குழந்தை. ஜார்ஜ், இங்கல்ஸ் குடும்பத்துக்குப் பழைய ஊரில் பழக்கமானவர்களின் மகன். மேகிக்குக் குழந்தை பிறந்ததே இங்கல்ஸ் வீட்டில்தான். குளிர்காலம் பூராவும் மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். ஜார்ஜைப் பற்றி லாரா எழுதியிருப்பதைப் படித்தால், அந்த ஆளை நம் எல்லாருக்குமே தெரியும் என்று தோன்றும். சாப்பாட்டுக்கு முதல் ஆள். அடுப்புக்குப் பக்கத்தில் நல்ல இடம் அவருக்கு. வேலை என்று வரும்போது ஆளைக் காணோம். அப்பாவும் லாராவும் கை வெடிக்க முறுக்கிய புல்லில் அவர் குளிர் காய்ந்தார்.

நாவலில் இவர்கள் மூன்று பேரும் கிடையாது. ஒரு வரி இல்லை.

தெரியாமல் விட்டதல்ல. யோசித்து எடுத்த முடிவு. லாராவின் ஒரே மகள் ரோஸ் வைல்டர் லேன், பிரபல எழுத்தாளர். அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தித் தட்டச்சு செய்தவர் அவர்தான். அவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் இந்த விஷயம் வருகிறது. லாரா சொல்கிற காரணத்தை என் வார்த்தையில் சொன்னால் இப்படி: ஜார்ஜையும் மேகியையும் இருந்தபடியே எழுதினால் கதை கெட்டுப்போகும். நல்லவர்களாக மாற்றி எழுதினாலோ, உதவிக்கு ஆள் இருக்கிறதே, அப்புறம் இந்தக் குடும்பம் தனியாகக் கஷ்டப்பட்டது என்று எப்படிச் சொல்வது?

எழுத்துக்காரியம் என்கிற அளவில் இந்த முடிவு சரி என்று ஒப்புக்கொள்கிறேன். நாவல் அத்தனை இறுக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆறு பேர், நாலு சுவர், வெளியே புயல். நடுவில் ஒரு சோம்பேறி உட்கார்ந்திருந்தால் நம் கோபமெல்லாம் அவன் மேல் போயிருக்கும். குளிர் மேல் போகாது. பதினான்கு வயதை எட்டப்போகிற லாராவின் எரிச்சல், மேரியின் பொறுமை மேல் அவளுக்கு வருகிற பொறாமை, இதையெல்லாம் எழுத இடம் இருந்திருக்காது.

ஆனால் இது மற்ற நாவல் மாதிரி இல்லை, கணக்கு நாவல். எத்தனை கைப்பிடி கோதுமை, எத்தனை உருளைக்கிழங்கு என்று சொல்லி நம்மை நம்பவைக்கிற நாவல். அதில் மூன்று வாயை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் என்ன ஆவது? ஒரு ரொட்டியை ஆறாக வெட்டினாளா, எட்டாக வெட்டினாளா? பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு அம்மா எவ்வளவு கொடுத்தாள், யார் பங்கிலிருந்து கொடுத்தாள்? கிரேஸின் பாலிலிருந்தா? துணி துவைத்துக் காயவைக்க முடியாத அந்தக் குளிரில் குழந்தையின் துணிகளை எப்படிச் சமாளித்தார்கள்? குடும்ப வாழ்க்கை என்றால் இதுதானே? வீரமெல்லாம் அப்புறம்.

இதைத் தெரிந்துகொண்டபின் நாவலை மறுபடி படித்தால் இன்னும் சில இடங்கள் கண்ணில் படுகின்றன. முன்பனிக் காலத்தில் எட்வர்ட்ஸ் என்ற பழைய நண்பர் வருகிறார். ஒரு வேளை சாப்பிடுகிறார், சிரிக்கப் பேசுகிறார், போகும்போது யாருக்கும் தெரியாமல் மேரியின் மடியில் இருபது டாலர் நோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஆக, இந்த நாவலில் விருந்தாளிக்கு இடம் உண்டு. ஒரே வேளை தங்கவேண்டும், இருபது டாலர் வைக்கவேண்டும்.

இன்னொரு இடம். அல்மான்ஸோவும் அவர் அண்ணன் ராயலும் தெருவில் தீவனக் கடையில் தனியாகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் பன்றிக்கறி இருக்கிறது, வெல்லப்பாகு இருக்கிறது, தோசை மாதிரி பான்கேக் வார்த்துத் தின்கிறார்கள். விதைக் கோதுமையை அல்மான்ஸோ போலிச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அப்பா ஒரு நாள் வாளியோடு நேராகப் போய், சுவரில் இருந்த அடைப்பைப் பிடுங்கி, கோதுமையைப் பிடித்துக்கொள்கிறார். காசும் கொடுக்கிறார். பிறகு அவர்கள் கூப்பிட, உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுகிறார். வீட்டில் மனைவியும் நாலு பெண்களும் வெறும் ரொட்டியில் இருக்கும்போது! நாவல் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறது. அப்பா கூர்மையானவர், சுவரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் என்கிறது. நான் அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர் விழுந்துவிட்டால் வீடே விழுந்துவிடும். ஆனால் இதே காரியத்தை ஜார்ஜ் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்போம்?

கடைசியில் அந்தக் கோதுமை ஊருக்கு வந்ததும் ஒரு தகராறு. ஒரு புஷலுக்கு 1.25 டாலர் கொடுத்து வாங்கி வந்தது. பணம் போட்ட கடைக்காரர் லோஃப்டஸ் அதை மூன்று டாலருக்கு விற்கப் பார்க்கிறார். என் சரக்கு, என் இஷ்டம் என்கிறார். ஊர் கொதிக்கிறது. அப்பா நிதானமாகப் பேசுகிறார். உன் இஷ்டம்தான், ஆனால் குளிர்காலம் முடிந்தபிறகு உன் கடைக்கு வருவதும் வராததும் எங்கள் இஷ்டம் என்கிற மாதிரி. உயிரைப் பணயம் வைத்த இருவரும் கூலி வாங்கவில்லை என்பதையும் எடுத்துச் சொல்கிறார். லோஃப்டஸ் வாங்கின விலைக்கே கொடுக்கிறார். தேவைக்கு ஏற்பப் பங்கு பிரிக்கிறார்கள். தனிமனித சுதந்திரம் பேசுகிற புத்தகம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள் போலிருக்கிறது. ரோஸ், அரசாங்கம் மனிதன் விஷயத்தில் தலையிடவே கூடாது என்ற கட்சி. 1943ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அம்மாவின் நாவல்களில் அந்த வாடை எவ்வளவு என்பது பெரிய விவாதம். கரோலின் ஃப்ரேஸர் எழுதி 2018ல் புலிட்சர் பரிசு பெற்ற 'ப்ரெய்ரி ஃபயர்ஸ்' என்ற வாழ்க்கை வரலாற்றில் விரிவாகப் பேசப்படுகிறது. இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த 160 ஏக்கர் நிலமே 1862ல் அரசாங்கம் போட்ட சட்டப்படி வந்ததுதான். அந்த நிலத்தில் அதற்கு முன்னால் டகோட்டா மக்கள் இருந்தார்கள். நாவலில் ஒரு முதிய செவ்விந்தியர் மளிகைக் கடைக்கு வந்து, ஏழு மாதம் பனிப்புயல் அடிக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். அவர் சொல்லித்தான் அப்பா குடும்பத்தை ஊருக்குள் கூட்டிவருகிறார். அரைகுறை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம், அதோடு அவர் வேலை முடிந்தது. இந்த மாதிரிச் சித்தரிப்புகளுக்காகத்தான் 2018ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் நூலகப் பிரிவு, லாரா பெயரில் கொடுத்துவந்த விருதின் பெயரை மாற்றியது. அப்போது பெரிய ரகளை. விருதில் பெயர் இருப்பதும் போவதும் நூலகர்கள் பாடு. புத்தகத்தை யாரும் தடை செய்யவில்லை, அது இன்றும் விற்கிறது.

எனக்கு வருத்தம் மேகியைப் பற்றி. ஜார்ஜை நீக்கியது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆளுக்கு அது வேண்டும். ஆனால் கூடவே மேகியும் போய்விட்டாள். அன்னியர் வீட்டில் பிள்ளை பெற்று, அவர்கள் முறுக்கிய புல்லில் குளிர் காய்ந்து, தன் புருஷன் முதல் ஆளாக மேஜைக்குப் போவதை எல்லார் முன்னாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண். அந்த ஏழு மாதம் அவள் என்ன நினைத்தாள்? தட்டைக் கையில் வாங்கும்போது கரோலின் முகத்தைப் பார்க்க முடிந்ததா? இதை எழுத லாராவைவிடத் தகுதியானவர் யாருமில்லை. அதே அறையில் இருந்தவர். பொறாமையையும் பசியையும் அத்தனை நேர்மையாக எழுதியவர். அவர் எழுதவில்லை, வேறு யாராலும் எழுத முடியாது.

அடுத்து அம்மா. நாவலில் கரோலின் ஒரு லட்சியத் தாய். எதற்கும் குரல் உயர்த்தமாட்டாள். தபாலில் வந்த பத்திரிகைக் கட்டை உடனே பிரிக்காமல் கிறிஸ்துமஸுக்கு எடுத்துவைப்போம் என்பாள். லாராவுக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் கேட்பாள். இந்த அம்மா கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கிறாள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். கணக்கில் விட்டுப்போன மூன்று பேரைச் சேர்த்துப் பார்த்தால் பொம்மைக்கு உயிர் வந்துவிடுகிறது. தன் பெண்களுக்கே போதாத ரொட்டியை, கை கொடுக்காத ஒருத்தனுக்கும் சேர்த்து ஏழு மாதம் வெட்டிக் கொடுத்தவள் அவள். மனசுக்குள் திட்டாமலா இருந்திருப்பாள்? வெளியே போ என்று சொல்லவில்லை. வெளியே போனால் செத்துப்போவார்கள். அவ்வளவுதான் காரணம். இதைப் பெரிய தியாகமாகவும் அவள் நினைத்திருக்க மாட்டாள், சலிப்போடுதான் செய்திருப்பாள். பெற்ற மகள், அம்மாவை உயர்த்துவதாக நினைத்து எழுதிய புத்தகத்தில் அம்மா செய்த ஆகப் பெரிய காரியம் இடம்பெறவில்லை.

இந்த நாவலுக்கு லாரா முதலில் வைத்த தலைப்பு 'தி ஹார்டு வின்டர்'. கடுமையான குளிர்காலம். குழந்தைகளுக்கு அந்த வார்த்தை ஆகாது என்று பதிப்பகத்தார் 'நீண்ட' என்று மாற்றினார்கள். கடுமையைக் குறைக்கிற வேலையில் அவர்கள் தலைப்போடு நின்றார்கள். மிச்சத்தை அம்மாவும் மகளும் ஏற்கெனவே செய்துமுடித்திருந்தார்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் நாவலைப் படியுங்கள், பரங்கிக்காய்ப் பலகாரம் வருகிற இடத்தில் அவசரப்படாமல். பிறகு 'பயனியர் கேர்ள்' புத்தகத்தில் அந்தக் குளிர்காலப் பக்கங்களை மட்டும் படித்தால் போதும். குண்டுப் புத்தகம், அடிக்குறிப்புகளே மூலத்தைவிடப் பெரிசு. அப்புறம் நாவலின் கடைசி அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். ரயில் வந்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பீப்பாயும் அதற்குள் உறைந்துபோன வான்கோழியும் மே மாதத்தில் வந்து சேர்கின்றன. அம்மா விருந்து சமைக்கிறாள், விருந்துக்கு போஸ்ட் தம்பதியைக் கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர்கள், நல்ல நண்பர்கள். மேஜையில் எட்டுப் பேர். அப்பாவின் விரல் சரியாகி மறுபடி வயலின் எடுக்கிறார்.